ஒய்.பி.யிடம் எதைக் கேட்பது?

பினாங்குத் தீவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி நின்றுபோனால், கட்டட நிர்வாகிக்குத் தெரிவதற்கு முன்பே சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரிந்துவிடுகிறது. யாராவது ஒருவர் கதவைப் படம் எடுத்து அவருடைய முகநூல் பக்கத்தில் போட்டுவிடுகிறார். அதே படம் எங்கள் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் வருகிறது. "ஒய்.பி.க்குச் சொல்லியாகிவிட்டது" என்று கீழே ஒரு வரி. மலேசியாவில் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை நாங்கள் ஒய்.பி. என்றுதான் அழைப்போம். அதற்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டும் மஞ்சள் கைகள் வரிசையாக வந்து விழும். தனியார் கட்டடத்தின் மின்தூக்கிக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் எங்கள் குழுவில் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு "சட்டம் பேசும் அக்கா" என்று பெயர். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்தப் பெயரை நான் மறுப்பதில்லை.

ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வேறு யாரிடம் சொல்வார்கள்? சாக்கடை அடைப்பையும் தெருவிளக்கையும் கவனிக்க வேண்டியவர் மாநகர் மன்ற உறுப்பினர். அவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் நியமனம் பெற்று வருகிறார். எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று குழுவில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. ஒருவர் மட்டும் "அப்படி ஒருவர் இருக்கிறாரா?" என்று திருப்பிக் கேட்டார்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் நடந்த ஊர் ஜார்ஜ் டவுன், ஆண்டு 1951. 1957 சனவரி முதல் நாள் ஊர் மாநகரமானது. அதன் தொடக்கக் கால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன், தொழிலாளர் கட்சிக்காரர், நம்மவர். அன்றைய ஸ்காட் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் காரில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யாருடைய பெயர் என்று தெரியும்? 1965இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை ஒரேயடியாக மூடிவிட்டது. பினாங்கு மாநில அரசு 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

கோலாலம்பூர்க்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். என் தங்கை செந்தூலில் இருக்கிறாள். நான் நாடாளுமன்றத்துக்கு ஒன்றும் சட்டமன்றத்துக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குகள் போடுகிறவள். அவளுக்கு ஒரே ஒரு வாக்குதான். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதோடு அங்கே சட்டமன்றம் என்பதே இல்லாமல் போனது. மேயரும் நியமனம். ஆகவே தலைநகரின் 11 நாடாளுமன்ற உறுப்பினர்களும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும், செந்தூலில் எந்தச் சந்தில் குப்பை அள்ளவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தங்கை தன் நாடாளுமன்ற உறுப்பினரை முகநூலில் பின்தொடர்வது அரசியல் ஆர்வத்தால் அன்று. குப்பை லாரிக்காக.

ஒய்.பி. என்றால் யாங் பெர்ஹோர்மாட், மாண்புமிகு என்று பொருள். மாண்புமிகுவிடம் குப்பையைப் பற்றிச் சொல்வது அந்தக் காலத்தில் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கிளைத் தலைவரைப் பிடிக்க வேண்டும், அவர் தொகுதித் தலைவரைப் பிடிப்பார், தீபாவளிக்கு முன்பென்றால் ஏதாவது நடக்கும். என் அப்பா ஒரு வீட்டு மனை விண்ணப்பத்துக்காக இப்படி அலைந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நல்ல சட்டை ஒன்றை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தார். இன்று பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒய்.பி.க்கு எழுதலாம். இந்த மாற்றத்தை நான் சிறிதாக மதிப்பிடமாட்டேன்.

மாற்றம் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டால் எல்லாரும் 2008 என்பார்கள். அதற்கு முந்திய நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில், இந்தியர் உரிமைகளுக்காகத் திரண்ட ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. அன்று மாலைச் செய்தியில் காட்டியது கொஞ்சம். கணினியில் வந்த படங்கள் வேறு கதை சொல்லின. அடுத்த மார்ச் 8ஆம் தேதி தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு உட்பட ஐந்து மாநிலங்களில் எதிரணி வென்றது. இணையத்தை அலட்சியப்படுத்தியது பெரிய தவறு, அந்தப் போரில் தோற்றுவிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா அகமது படாவியே சில வாரங்களில் சொன்னார். ஆட்சியில் இருக்கும் பிரதமர் இப்படிச் சொன்னதால், அதன் பிறகு வலைப்பூ இல்லாத அரசியல்வாதி வேட்டி இல்லாமல் கோவிலுக்குப் போனவர்போல் கூச்சப்பட்டார். அந்த மே மாதம் மகாதீர்கூட ஒன்று தொடங்கினார்.

எங்கள் தீவின் ஜெலுத்தோங் தொகுதி அந்தத் தேர்தலில் ஒரு வலைப்பதிவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ஜெஃப் ஊய் 2003 முதல் எழுதிக்கொண்டிருந்தவர். 2007இல் ஒரு நாளிதழ் நிறுவனம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்ததில் நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. எழுதி எழுதியே வேட்பாளரானவர் என்று அவரைச் சொல்லலாம். நீளமாக, ஆவணங்களை அடுக்கி எழுதுகிறவர். அதே மனிதரைப் பெரும் சர்ச்சையில் மாட்டிவிட்டதும் இணையம்தான்: 2016இல், ஒரு மதத் தலைவர் காலமானபோது கீச்சகத்தில் (டுவிட்டரில்) போட்ட ஒற்றை வரி. அவருடைய கட்சியே தள்ளி நின்றது. பக்கம் பக்கமாக எழுதியது ஒரு வரியில் அடிபட்டுப்போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த வரி சரியென்று சொல்லவில்லை. நீளமாக எழுத இடமிருந்த காலம் முடிந்து, வரிக்கணக்கில் பேச வேண்டிய காலம் வந்ததில் மக்கள் பிரதிநிதிகள் என்ன ஆனார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

செந்தூலில் பெரும்பகுதி அடங்கிய, 'பத்து' (Batu) என்ற பெயருள்ள நாடாளுமன்றத் தொகுதியின் கதை நேர் எதிர். 2018இல் பி.கே.ஆர். கட்சியின் தியான் சுவாவின் வேட்பு மனு நிராகரிக்கப்பட்டது. பிரசாரத்துக்கு 11 நாள். களத்தில் இருந்த சுயேச்சை ஒருவருக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். பெயர் பி. பிரபாகரன், வயது 22. முந்தின வாரம்வரை அந்தப் பெயரைத் தெருவில் யாருக்கும் தெரியாது. தங்கையின் கைப்பேசியில் அந்தப் பெயரும் படமும் மணிக்கொரு தடவை வந்துகொண்டிருந்தன. அவளும் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தள்ளிவிட்டாள். நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினராக ஒரு தமிழ் இளைஞர் போய் உட்கார்ந்தார். பழைய முறையில் கிளைத் தலைவர், தொகுதித் தலைவர் என்று ஏறி வந்திருந்தால் அவருக்குத் தலை நரைத்திருக்கும்.

இதெல்லாம் தேர்தல் சமாசாரம். தேர்தல் முடிந்த பிறகு நடப்பதுதான் என் கவலை.

ஒரு மக்கள் பிரதிநிதியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாருடைய பக்கமானாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி, வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். சாக்கடையைக் குனிந்து பார்க்கும் படம். இரங்கல் வீட்டில் ஒரு படம். பள்ளிக்கு நாற்காலி. மீண்டும் சாக்கடை. எங்கள் தொகுதியில் மலாய், சீனம், ஆங்கிலம் மூன்றிலும் பதிவு வரும். தமிழ் ஆண்டுக்கு மூன்று தடவை வரும்: பொங்கல், தைப்பூசம், தீபாவளி. அதுவும் எப்படி? எழுத்துரு உடைந்து, "பொங்கல்" என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், பகரம் ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கமாக நிற்கும். வாழ்த்தைப் பார்த்துவிட்டு நான் சேவை மையத்துக்குச் சரியான வடிவத்தைப் படமாக அனுப்பிவைப்பேன். அடுத்த ஆண்டு அதே கொம்பு அதே இடத்தில் நிற்கும்.

நாடாளுமன்றத்துக்குள் தமிழுக்கு இடமில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே மலாய்தான் ஆட்சி மொழி, அவைத் தலைவர் அனுமதித்தால் ஆங்கிலம். எங்கள் மாடிக் கிழவிகளுக்குத் தங்கள் பிரதிநிதி அவையில் என்ன பேசினார் என்று தமிழில் தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் தமிழ் நாளிதழ்கள் இருந்தன. தமிழ் நேசன் 2019 சனவரியோடு நின்றுவிட்டது. மற்றவை வருகின்றன, வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே ஒரு தமிழ் உறுப்பினர் அவையிலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்றபடி கைப்பேசியைப் பிடித்து, உள்ளே இன்று இது நடந்தது என்று தமிழில் மூன்று நிமிடம் பேசினால், அது எனக்கு எந்த மாதிரிக் காசோலையையும்விடப் பெரிது. சிலர் செய்கிறார்கள். அப்படி ஒரு காணொளி வந்தால் குழுவில் மற்றவர்கள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே நான் அதைத் தள்ளிவிடுவேன். பூவுக்கு வரும் விரல்களில் பாதிகூட அதற்கு வராது. வராவிட்டால் போகட்டும்.

எங்கள் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. மகனுக்கும் பேரனுக்கும் நீல அட்டை. இவர் வாக்குப் போட்டதே கிடையாது. நம் சமூகத்தில் இந்தக் கதை புதிதில்லை. விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர், காத்திருந்து காத்திருந்து விண்ணப்பித்ததையே மறந்துபோனார்.

பேரன் சுறுசுறுப்பானவன். நாடாளுமன்ற உறுப்பினரின் பக்கத்தில், ஏதோ ஒரு மரம் நடு விழாப் படத்தின் கீழே, பாட்டியின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டு, வீட்டு முகவரியையும் எழுதி, "உதவுங்கள் ஒய்.பி." என்று பதிவிட்டுவிட்டான். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அதைப் பார்க்கலாம். பார்த்தவர்களில் ஒருவர் கடன் வேண்டுமா என்று பாட்டிக்கு அழைத்தே விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கூப்பிட்டு முதலில் அந்தப் படங்களை அழிக்கச் சொன்னேன். "அக்கா, எல்லாரும் இப்படித்தானே போடுகிறார்கள்" என்றான். உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். எந்தப் பக்கத்தின் கருத்துப் பகுதியிலும் அடையாள அட்டை எண்களும் மருத்துவமனைச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு எண்களும் கொட்டிக் கிடக்கின்றன. இதையெல்லாம் பொதுவில் போடாதீர்கள் என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதி வைக்க எந்த ஒய்.பி.க்கும் தோன்றவில்லை.

பிறகு சேவை மையத்தின் புலன எண்ணைத் தேடிப் பிடித்தோம். பாட்டி சொல்லச் சொல்லக் குரல் பதிவு எடுத்தேன். அவர் எப்போதும் தோட்டத்திலிருந்துதான் தொடங்குவார், மானேஜர் துரை, கிராணி, ஆயாக் கொட்டகை எல்லாம் வரும்; வெட்டக் கூடாது என்று அப்படியே அனுப்பினேன். கூடவே மலாயில் ஒரு பக்கக் கடிதம், தேதிகள், விண்ணப்ப எண். மறுநாள் ஒரு பெண் தமிழிலேயே குரல் பதிவில் பதில் அனுப்பினாள். "பாட்டி, நான் முழுதும் கேட்டேன். என் பாட்டிக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது." அந்தப் பெண்தான் ஒய்.பி.யின் முகநூலுக்கும் புலனத்துக்கும் டிக்டாக்குக்கும் பின்னால் இருப்பவள் என்று பிறகு தெரிந்தது. மாண்புமிகுவின் பெயரில் நாம் படிக்கும் பதில்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ பையனோ எழுதுவதுதான். அதில் எனக்கு ஏமாற்றம் இல்லை. தமிழ் தெரிந்த ஒருத்தியை அந்த மேசையில் உட்கார வைத்ததற்கே அந்த ஒய்.பி.யை மெச்சுகிறேன். பாட்டிக்கு நேர்காணல் கடிதம் வந்திருக்கிறது. முடிவு வரவில்லை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாட்டியின் விண்ணப்ப எண்ணை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பி "எங்கே நிற்கிறது?" என்று கேட்பது ஒரு பியூன் செய்யக்கூடிய வேலை. நாடாளுமன்ற உறுப்பினரால் மட்டும் முடிவது வேறு: மக்களவையில் எழுந்து, இப்படி நிலுவையில் உள்ளவை எத்தனை, எத்தனை ஆண்டுகளாக, ஏன், என்று அமைச்சரிடம் கேட்பது. வாய்மொழிக் கேள்வி இருக்கிறது, எழுத்துக் கேள்வி இருக்கிறது, தொகுதிப் பிரச்சினைகளைப் பேசச் சிறப்பு அவை இருக்கிறது. பதில், அவையில் பேசியதையெல்லாம் பதியும் ஹன்சார்ட் என்ற அதிகாரபூர்வ ஏட்டில் ஏறும். நாளைக்கு யாரும் மறுக்க முடியாது. ஒரு பாட்டிக்காகக் கேட்ட கேள்வி அதே வரிசையில் நிற்கும் எல்லாப் பாட்டிகளுக்கும் பதில் வாங்கித் தரும். பேரன் கைப்பேசியில் தட்டிய வரி அந்தக் கேள்வித்தாள்வரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. சாதாரணமாக அது சேவை மையத்தோடு நின்றுவிடுகிறது.

ஹன்சார்ட் படிக்கும் பழக்கம் எனக்கு அலுவலகத்தில் வந்தது. முதலாளி ஏதாவது ஒரு சட்டப் பிரிவின் பின்னணியைத் தேடச் சொல்வார். அப்போது நூலகத்துக்குப் போக வேண்டும். இப்போது 1959இல் கூடிய முதல் நாடாளுமன்றத்திலிருந்து நாடாளுமன்றத்தின் இணையத்தளத்திலேயே கிடக்கிறது. அவை நடக்கும்போதே நேரலையும் வருகிறது. ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியார்களெல்லாம் இவர்களிடம் பாடம் படிக்க வேண்டும். ஹன்சார்டின் அழகு என்னவென்றால், அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் கூவித் தள்ளியது அடைப்புக்குறிக்குள் "அவையில் அமளி" என்று அடங்கிவிடும். ஒலிபெருக்கியை நிறுத்தினால் அதற்கும் ஓர் அடைப்புக்குறி. அமளிக்கு முன்பும் பின்பும் நடந்த விவாதம் முழுதாக இருக்கும். டிக்டாக்கில் இதற்கு நேர்மாறு. விவாதம் போய்விடும், அமளி மட்டும் பின்னணி இசையோடு வரும். அமளி செய்தவருக்கு லட்சம் பார்வை. மீன்பிடிப் படகு உரிமத்தைப் பற்றிப் புள்ளிவிவரத்தோடு பேசியவருக்கு நானும் என்னைப் போன்ற நாலு பேரும்.

உறுப்பினர்கள் முட்டாள்கள் இல்லை. எது பரவுகிறது என்று அந்த மேசையில் இருக்கும் பெண் மாதாமாதம் கணக்கு எடுத்துக் கொடுப்பாள். சாக்கடையும் சண்டையும் பரவும் என்றால் அவைதான் பெருகும். 2022 நவம்பர் தேர்தலில் இதை முழு அளவில் பார்த்தோம். வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்து, பதிவும் தானாகவே நடந்து, வாக்காளர் பட்டியல் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சமாக வீங்கியிருந்தது. புதியவர்களைத் தேடி எல்லாக் கட்சிகளும் டிக்டாக்கில் இறங்கின. நடனமும் ஆடினார்கள், நச்சும் கக்கினார்கள். தேர்தல் முடிந்து ஆட்சி யாருக்கு என்று இழுபறி நடந்த நாள்களில் 1969 மே 13 இனக் கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் வந்தன. அதைக் கண்ணால் பார்த்த என் பெரியம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 18 வயது வாக்கே இணையத்தில் திரண்ட இளைஞர்கள் கேட்டு வாங்கியது. உண்டி 18 (மலாயில் 'உண்டி' என்றால் வாக்கு) என்று ஓர் இயக்கமாக, கட்சி பாராமல் ஒவ்வோர் உறுப்பினராகத் துரத்தினார்கள். அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 222இல் 148 பேர் வேண்டும். 2019 சூலையில் 211 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. அமலாக்கம் இழுத்தடிக்கப்பட்டபோது நீதிமன்றத்துக்கும் போனார்கள். சாக்கடைப் படத்தைப் பதிவிடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கருவி ஒன்றுதான், கேட்கப்பட்டது சட்டம்.

இன்னொரு நாளும் என் நினைவில் அழுத்தமாக இருக்கிறது. 2020 நவம்பர் 26. பெருந்தொற்றுக் காலம், வீட்டில் அடைந்து கிடக்கிறோம். பிரதமர் முகிதீனுக்கு உண்மையில் பெரும்பான்மை இருக்கிறதா என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த நேரம். வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் வாக்கெடுப்புக்கு வந்தது. நம் மக்களவையில் சாதாரணமாகக் குரல் வாக்கெடுப்புதான்: ஆதரிப்பவர்கள் உரக்கச் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் உரக்கச் சொல்வார்கள், காதில் விழுந்ததை வைத்து அவைத் தலைவர் முடிவு சொல்வார். பெயர்வாரியாக எண்ண வேண்டும் என்றால் 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். அன்று எழுந்தவர்கள் 13 பேர். எதிரணியில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். 15 பேர் எழவில்லை. திட்டம் குரலிலேயே நிறைவேறிவிட்டது.

நேரலையை அணைத்துவிட்டு முகநூலைத் திறந்தால், அடேயப்பா. ஒவ்வோர் எதிரணி உறுப்பினரின் பக்கத்திலும் ஒரே கேள்வி: நீங்கள் எழுந்தீர்களா, இல்லையா? ஏன் எழவில்லை? சாக்கடைப் படங்களின் கீழேயும் அதே கேள்வி, தீபாவளி வாழ்த்தின் கீழேயும் அதே கேள்வி. குழுநிலையில் ஒவ்வோர் அமைச்சாக எதிர்ப்போம், அதற்காகக் காத்திருக்கச் சொன்னது தலைமை என்று விளக்கங்கள் வந்தன. சிலர் இரவு நெடுநேரம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார்கள். சிலர் கருத்துப் பகுதியையே மூடினார்கள். யார் எழுதினார்கள், யார் மூடினார்கள் என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதி மூன்றாம் வாசிப்பில் பெயர்வாரியாக எண்ணினார்கள். 111க்கு 108. அரசு பிழைத்தது. ஆனால் இந்த முறை நம் தொகுதிக்காரர் எந்தப் பக்கம் நின்றார் என்று யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

ஒரு சட்டம் நிறைவேறும்போது என் பிரதிநிதி ஆமாம் என்றாரா இல்லை என்றாரா, அன்று அவையில் இருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது என்றால், அவர் எத்தனை சமூக ஊடகத்தில் இருந்து என்ன? சினார் புராஜெக்ட் போன்ற தன்னார்வக் குழுக்கள் நாடாளுமன்றத் தகவல்களைத் திரட்டி, தேடிப் படிக்கும்படி வைக்கப் பாடுபடுகின்றன. ஆனால் பதிவாகவே இல்லாத வாக்கை எந்த இணையத்தளமும் காட்ட முடியாது.

எழுதக் கூடிய இடமெல்லாம் அஞ்சாமல் எழுதவும் முடிய வேண்டும். தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆவது பிரிவைப் பற்றி எங்கள் குழுவில் எல்லாருக்கும் ஏதோ ஒரு பயம் இருக்கிறது. புண்படுத்தும் பதிவு, எரிச்சலூட்டும் நோக்கம் என்றெல்லாம் பேசிய பிரிவு அது. 2025 பிப்ரவரி முதல் அதன் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 லட்சம் வெள்ளியாகவும், சிறை ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும் கூடியிருக்கிறது. குழந்தைகளைச் சீரழிப்பவர்களையும் மோசடிக்காரர்களையும் பிடிக்கச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஒய்.பி.யைக் கேள்வி கேட்டு நாலு வரி எழுதி, என்னிடம் காட்டி, "இதற்குப் பிடிப்பார்களா?" என்று கேட்டுவிட்டு அழித்தார். நான்கு வரியிலும் தப்பான சொல் ஒன்றும் இல்லை. அவருக்கு மகன் அரசு வேலையில். யோசிக்கத்தானே செய்வார்?

தகவல் உரிமையில் பினாங்குக்காரர்களான நாங்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். சிலாங்கூருக்கும் எங்களுக்கும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. எங்களுடையது 2010இல் நிறைவேறியது. படிவம் நிரப்பி மாநில அரசிடம் ஆவணம் கேட்கலாம். மாநிலத்தில் இப்படி ஒரு கதவு இருப்பதே எங்கள் மாடியில் பலருக்குத் தெரியாது. முகநூலில் கத்துவது தெரியும்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உறுப்பினர்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். 2022 தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். சரவாக்கின் இகான் தொகுதியில் 28,000 சொச்சம். இருவருக்கும் அவையில் ஒரே நாற்காலி. பாங்கி உறுப்பினர் தன் வாக்காளர்களுக்கு ஆளுக்கொரு நிமிடம் ஒதுக்கினால் இரவு பகலாக ஏழு மாதம் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் எதிரணிக்காரர்களுக்கு ஆளுங்கட்சிக்காரர்களுக்குக் கிடைக்கும் தொகுதி நிதி கிடைப்பதில்லை. அந்த மேசையில் ஒரு பெண்ணை உட்கார வைக்கவும் காசு வேண்டும். ஆகையால் எல்லாருக்கும் பதில் சொல் என்று நான் கேட்கவில்லை. இந்த வாரம் எந்தெந்த மசோதா வருகிறது, நான் எப்படி வாக்களிக்கப்போகிறேன், ஏன், வேறு கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் என்று ஒரு பதிவு. அவை முடிந்ததும், இதைக் கேட்டேன், அமைச்சர் இப்படிப் பதில் சொன்னார் என்று இன்னொரு பதிவு. தமிழிலும். எழுத்துருவை நானே பார்த்துத் தருகிறேன்.

இதையே மலாயில் மரியாதையாக எழுதி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அனுப்பலாம் என்று அவர்களுடைய இணையப் படிவத்தைத் திறந்தேன். பெயர், கைப்பேசி எண், முகவரி எல்லாம் நிரப்பியாயிற்று. பிரச்சினையின் வகையைத் தேர்ந்தெடுக்காமல் அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. பட்டியல் இப்படி இருந்தது: வடிகால், தெருவிளக்கு, குப்பை, சாலை, சமூகநல உதவி, அடையாள ஆவணம், கல்வி நிதி, மற்றவை. சட்டம் என்றோ நாடாளுமன்றம் என்றோ ஒன்று இல்லை. "மற்றவை"யை அழுத்தினேன். உடனே இன்னொரு பெட்டி திறந்து, சம்பவ இடத்தின் படத்தை இணைக்கச் சொன்னது. நாடாளுமன்றக் கட்டடத்தின் படம் ஒன்றைத் தேடி எடுத்து இணைத்து அனுப்பியிருக்கிறேன்.